துளசிமணி தெளிந்திருந்த நாட்கள்

பிப்ரவரி 4, சனி

கவுந்தப்பாடியிலிருந்து ஒன்று, அளுக்குளியிலிருந்து இரண்டு, ஆக மூன்று சப்மெர்சிபிள் மோட்டார் ரிப்பேருக்கு வந்து இறங்கின. கவுந்தப்பாடிக்காரருடையது உள்ளே மொத்தமும் கருகிப் போயிருக்கிறது. தண்ணீர் இல்லாத கிணற்றில் ஓட்டினால் பின்னே என்ன ஆகும்? புதுசாகக் கம்பி சுற்ற வேண்டும்.

துளசி சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கடையிலிருந்து பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கரும்பலகையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "ஏன், என்னாச்சு?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க. வாய் பேசறதுக்கே சலிப்பா இருக்குது" என்றாள். இந்தி டியூஷன் எடுக்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காய்ச்சலோடுகூட வகுப்பெடுத்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து, பேசச் சலிப்பு என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்லித்தான் மற்றவர்கள் கெஞ்ச வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 9, வியாழன்

இடுப்பு வலி குறையவில்லை என்று தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். தாகமும் அதிகம் என்றாள். சர்க்கரை பார்த்தார், இல்லை. வயது ஐம்பத்தாறு என்றதும் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டிக்கு ஆபரேஷன் நடந்ததை ஞாபகப்படுத்தினேன்.

"அதுதான் அஞ்சு வருஷம் தாண்டிருச்சேங்க. போன வருஷம் செக்கப்புல எல்லாம் சுத்தம்னுதான சொன்னாங்க?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன, அதையே நெனச்சுட்டு இருக்காதீங்க."

எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசையாக இருந்தது. வரும் வழியில் துளசிக்குப் பிடித்த சப்போட்டாப்பழம் வாங்கினேன். வாயில் வைத்தவள் கசக்கிறது என்று துப்பிவிட்டாள்.

பிப்ரவரி 15, புதன்

குடிதண்ணீர்க் குடம் மத்தியானத்துக்குள் காலியாகிவிடுகிறது. அவள் ஒருத்திதான் குடிக்கிறாள். குடித்ததும் பாத்ரூம், திரும்பி வந்ததும் மறுபடி சொம்பு. "தண்ணியைக் கொறைச்சாத்தான அடிக்கடி போறது நிக்கும்?" என்றேன். அப்படியே செய்கிறேன் என்று சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். முன்பாக இருந்தால் இதற்கு எனக்கு நாலு பதில் கிடைத்திருக்கும்.

வயிறும் சரியாகப் போவதில்லை. வாழைப்பழம், வெந்நீர், விளக்கெண்ணெய் என்று எல்லாம் பார்த்தாயிற்று.

கால்சியம் மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். இல்லாவிட்டால் மறந்துபோகிறாள். ராகிக் கூழும் பாலும் எலும்புக்கு நல்லது என்றார்கள். அதுவும் கொடுக்கிறேன்.

பிப்ரவரி 23, வியாழன்

டியூஷனுக்கு வரும் பெண் ஒருத்தியின் அம்மா கடைக்கே வந்துவிட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "டீச்சர் ஒரே பாடத்தை மூணு நாளா நடத்தறாங்களாமுங்க. புள்ளைங்க சொன்னா, இல்லவே இல்லேங்கறாங்களாம். பரீட்சை வருதில்லீங்களா, அதான்."

கேட்கிறேன் என்றேன். ஆனால் அவளிடம் கேட்கவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 2, வியாழன்

புனேயிலிருந்து மகள் இந்து பேசினாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை மாற்றலாகி, குழந்தையோடு அவர்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

"அப்பா, அம்மா போன்ல ஆமா, இல்லேன்னு மட்டும் சொல்றாங்க. நா ஊரை விட்டு வந்ததுதான் மனசுல ஒக்காந்திருக்குது. இது டிப்ரஷன்ப்பா. ஈரோட்டுல நல்ல டாக்டர் இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க."

துளசியின் அண்ணன் கருப்பண்ணனும் அதையேதான் சொன்னார். "பேத்தி ஏக்கம் மாப்ளை. வெசனப்பட்டே கெடக்கறா."

எல்லோரும் சொல்லும்போது அப்படித்தான் இருக்க வேண்டும். ஈரோட்டு மனநல டாக்டர் நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டார். "எதை நெனச்சு அழறீங்கம்மா?" என்றார். துளசி யோசித்து, "நா அழுவறதில்லீங்களே" என்றாள். இரண்டு வகை மாத்திரை கொடுத்திருக்கிறார்.

மார்ச் 11, சனி

நாலு மோட்டார் நிலுவையில் கிடக்கின்றன. வெயில் வந்துவிட்டால் எல்லோருக்கும் அன்றைக்கே வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்கட்டுக்குப் போனேன். அடுப்பில் வெறும் சட்டி காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்சம் சத்தம் போட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, "சார், நீங்க யாரைப் பாக்கணும்?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டேன். வேலை நெருக்கடி.

மார்ச் 16, வியாழன்

காலையில் எழுப்ப முடியவில்லை. கண்ணைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள். நேற்று முழுக்க வாந்தி. பக்கத்துக் கடைக்காரர் காரில் ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். இதை வெளி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையில் துணியோடு டைரியும் வந்துவிட்டது.

அவசரப் பிரிவில் இருந்தது சின்ன வயசு லேடி டாக்டர். ஷம்ஷாத் என்று பெயர். மனநல டாக்டரின் சீட்டைக் காட்டினேன். மூளை நரம்பில் ஏதாவது இருக்குமோ என்று நானே சொன்னேன். சீட்டைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"தண்ணி எப்படிக் குடிக்கறாங்க?"

"குடங்குடமாங்க. நாந்தான் கொறைக்கச் சொன்னேன்."

"மலச்சிக்கல் இருக்கா?"

"ரொம்பவுங்க."

"இடுப்பு வலின்னு சொன்னீங்களே, ராத்திரி படுத்தாலும் வலிக்குதுன்னு சொல்வாங்களா?"

"படுத்தாத்தாங்க இன்னும் எச்சா வலிக்குது."

அதற்குள் துளசியின் சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்துவிட்டார். இடப்பக்கம் ஆபரேஷன் தழும்பு. என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது எப்போ?" என்றார். சொன்னேன். நர்ஸிடம், "ரத்தத்துல கால்சியமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க, முதல்ல அதை அனுப்புங்க" என்றார்.

இடுப்புக்குக் கால்சியம் குறைச்சலாக இருக்கும் போலிருக்கிறது, நல்லவேளை மாத்திரை கொடுத்துக்கொண்டு வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 17, வெள்ளி

குறைச்சல் இல்லை. அதிகம். பத்தரைக்குள் இருக்க வேண்டியது பதினைந்தைத் தொடுகிறதாம்.

டாக்டர் ஷம்ஷாத் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துச் சொன்னார். எலும்பில் இருக்க வேண்டிய கால்சியம் கரைந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. அதை வெளியே தள்ள சிறுநீரகம் தண்ணீரை இழுக்கிறது, அதனால்தான் அந்தத் தாகம். குடல் மந்தமாகிறது. மூளையும் மந்தமாகிறது. மறதி, பேச்சுக் குறைவு, ஆள் தெரியாமல் போவது எல்லாம் அதனால்தான்.

"மனசுல ஒண்ணும் இல்லீங்களா?"

"மனசு இருக்குங்க ஐயா. ஆனா இதைச் செஞ்சது மனசு இல்ல."

"நான் கால்சியம் மாத்திரை தெனமும் கையால எடுத்துக் குடுத்தனுங்களே."

"அதை இன்னிக்கே நிறுத்திடுங்க. ஆனா அதனால இது வரல. வேற காரணம் இருக்கணும், ஸ்கேன்ல தெரியும்."

காரணம் என்னவென்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கையில் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏறுகிறது. எலும்பு கரைவதை நிறுத்த ஒரு ஊசியும் சேர்த்திருக்கிறார்கள்.

மார்ச் 18, சனி

தூங்குகிறாள். கருப்பண்ணன் மச்சான் வந்து பார்த்துவிட்டுப் போனார். இட்லி வாங்கி வந்திருந்தார். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

மார்ச் 20, திங்கள்

காலையில் நர்ஸ் வந்து பெயர் கேட்டார். "துளசிமணி." ஊர்? "கோபி." இவர் யாரு? என்னைப் பார்த்தாள்.

"இவரா, மோட்டார் ரிப்பேர்காரரு. கட்டிக்கிட்டேன், என்ன பண்றது?"

நர்ஸ் சிரித்துவிட்டார். நான் வெளியே வந்து, கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

சாயங்காலம் இந்து புனேயிலிருந்து வந்து சேர்ந்தாள். அம்மாவும் மகளும் பேசின பேச்சில் பக்கத்துக் கட்டில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றரை மாதமாகக் காணாமல் போனவள் திரும்பி வந்துவிட்டாள். இதே கட்டிலில், இதே சேலை ஊக்கோடு. ரத்தத்தில் ஒரு சத்து கொஞ்சம் கூடினால் ஒரு மனுஷி இல்லாமல் போய்விடுகிறாள். குறைந்தால் வந்துவிடுகிறாள். இதை நான் யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

மார்ச் 22, புதன்

ஸ்கேன் வந்துவிட்டது. முதுகெலும்பு, இடுப்பு, ஈரல்.

மார்ச் 23, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

புற்றுநோய் டாக்டர் வந்து பேசினார். மார்பில் எடுத்த அதே நோய்தான் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருக்கிறதாம். மறுபடி கீமோ கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் ஈரல் இருக்கும் நிலையில் தாங்குவது கஷ்டம், தாங்கினாலும் சில மாதங்கள்தான் கூடும் என்றார். எங்களைத் தனியாக அழைத்துத்தான் சொல்ல வந்தார். துளசி, "இங்கயே சொல்லுங்க சார், எனக்குத்தான சீக்கு?" என்று உட்கார வைத்துக் கேட்டாள். கேட்டு முடித்ததும், கீமோ வேண்டாம் என்றாள். போன தடவை பட்டது போதும் என்றாள். இந்து அழுதாள். துளசி அவளை அதட்டினாள்.

மார்ச் 27, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கிளம்பும்போது டாக்டர் ஷம்ஷாத் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார். இந்த ஊசியின் வேலை மூன்று நாலு வாரம் நிற்கும். பிறகு கால்சியம் திரும்ப ஏறலாம். தாகம் கூடும், வாய் உலரும், வயிறு கட்டும், பகலில் தூங்கித் தூங்கி விழுவாள், வார்த்தை மாறும். இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும்.

"உங்களுக்குத்தான் முதல்ல தெரியும் ஐயா. எங்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

துளசி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் ஊசி வேலை செய்யுங்களா டாக்டரம்மா?" என்றாள். டாக்டர், "தடவைக்குத் தடவை குறையும்மா" என்றார்.

ஏப்ரல் 5, புதன்

இந்து குழந்தையைப் பார்க்கப் புனே போயிருக்கிறாள். லீவு சொல்லிவிட்டுத் திரும்ப வருவாள்.

துளசி நாலு பிள்ளைகளை வரச் சொல்லி, கட்டிலில் சாய்ந்தபடியே பாடம் எடுத்தாள். ஆண்பால் பெண்பால் ஒன்றில் எல்லாரும் தப்புப் பண்ண, அவள் போட்ட சத்தம் கடை வரைக்கும் கேட்டது. மோட்டார் கொண்டுவந்திருந்த ஆள் பயந்து, "வூட்டுல சண்டைங்களா?" என்றார். "இல்லீங்க, இந்தி" என்றேன்.

ஏப்ரல் 12, புதன்

வலி கூடியிருக்கிறது. வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். திரும்பிப் படுக்கும்போது பல்லைக் கடிக்கிறாள். கேட்டால், ஒன்றுமில்லை என்கிறாள்.

இன்று மத்தியானம், நான் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பேச ஆரம்பித்தாள்.

"போன மாசம் நெனவில்லாமக் கெடந்தப்போ எனக்கு என்ன இருந்துதுன்னு நெனச்சுப் பாக்கறேனுங்க. மறந்து போச்சேங்கற வெசனங்கூட இல்ல. பயமில்ல. வலி இருந்துது, ஆனா பக்கத்து வூட்டுல யாருக்கோ வலிக்கற மாதிரி இருந்துது."

"சும்மா படு."

"கேளுங்க. அடுத்த தடவ அது வந்துதுன்னா, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாதீங்க."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏனுங்க, காதுல உழுந்துதா?"

"தைலம் தீந்துபோச்சு. வாங்கியாறேன்" என்று எழுந்துவந்துவிட்டேன். கடைக்குப் போய் அளுக்குளிக்காரர் மோட்டாரைப் பிரித்தேன். பிரித்த பிறகுதான், அது ஏற்கெனவே சரிசெய்து வைத்தது என்று தெரிந்தது.

ஏப்ரல் 19, புதன்

இந்து பேத்தியோடு வந்துவிட்டாள். வீட்டில் சத்தம் இருக்கிறது. துளசி பேத்திக்கு அ, ஆ எழுதக் காட்டினாள். கொஞ்ச நேரம்தான், அப்புறம் களைத்துவிட்டாள்.

ஏப்ரல் 24, திங்கள்

வெயில் தாங்கவில்லை. எல்லோருக்குமே தாகமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 26, புதன்

மூன்று மோட்டார் முடித்துக் கொடுத்தேன். மத்தியானம் துளசி நன்றாகத் தூங்கினாள். மாத்திரை அளவு கூட்டினால் தூக்கம் வரும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் நல்லதுதான்.

ஏப்ரல் 27, வியாழன்

மூன்று நாளாக வயிறு போகவில்லை. அதுவும் மார்ஃபினால் வருவதுதான்.

இந்து, "அம்மா இன்னிக்கு ஒரே மந்தமா இருக்காங்கப்பா, கவனிச்சீங்களா?" என்றாள். வெயில் என்றேன்.

ஏப்ரல் 29, சனி

சொம்பு கேட்பதற்கு, "அந்த... அந்த மோட்டாரை எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். இந்து குளிக்கப் போயிருந்தாள். நான் இந்துவிடம் சொல்லவில்லை.

இன்றைக்கு வேறு ஒன்றும் இல்லை.

மே 1, திங்கள்

கடை விடுமுறை. காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேத்தி கட்டில் மேல் ஏறி, "அம்மாயி" என்று அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். துளசி அந்தக் குழந்தையை, தெருவில் போகும் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து காருக்குச் சொன்னேன்.

இந்துவுக்கு அவள் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மே 2, செவ்வாய்

கால்சியம் பதினாலு. உப்புத் தண்ணீர் ஏறுகிறது, ஊசி போட்டாயிற்று. "சரியான நேரத்துல கொண்டுவந்துட்டீங்க ஐயா" என்றார் டாக்டர் ஷம்ஷாத். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மே 6, சனி

இந்தத் தடவை தெளிய நேரமாகிவிட்டது. காலையில் கண் விழித்தாள். முதலில் வந்தது பேச்சு இல்லை, வலி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஊசி போட்டார்கள். அடங்கியபின் சுற்றிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்று தெரிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு இருந்தனுங்களே" என்றாள். "ஏன் கூப்ட்டீங்க?"

இந்து, "அம்மா என்னப்பா சொல்றாங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

மே 7, ஞாயிறு

என்னிடம் பேசவில்லை. இந்துவிடம் பேசுகிறாள்.

மே 8, திங்கள்

இன்றும் பேசவில்லை. சாப்பாடு ஊட்டினால் வாயைத் திறக்கிறாள். அவ்வளவுதான்.

மே 10, புதன்

வீட்டுக்கு வந்தோம். வண்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடை வாசலில் இறக்கும்போது நானும் மச்சானும் தூக்கினோம். எடையே இல்லை.

சாயங்காலம் இந்துவை மளிகைக் கடைக்கு அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"கோவமில்லீங்க" என்றாள்.

"இருந்தா இருக்கட்டும்."

"உங்களால முடியலைன்னு தெரியுதுங்க. ஆனா எனக்கும் முடியல. தெளிஞ்சு எந்திரிச்சா என்ன கெடைக்குது? இந்த எலும்பு நோவுதான் கெடைக்குது. உங்க மூஞ்சியப் பாக்கறது நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்த மூஞ்சியும் அழுதுட்டே இருக்குது."

நான் அழவில்லை என்றேன். அவள் சிரித்தாள். சிரித்தது வலித்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு இந்துவை உட்கார வைத்து, அவளே எல்லாவற்றையும் சொன்னாள். இந்து, "முடியாது, நா ஒத்துக்க மாட்டேன்" என்று கத்திக்கொண்டே எழுந்துபோனாள். துளசி விடவில்லை. மூன்று நாள் விடாமல் சொல்லிச் சொல்லி அவளைச் சரி என்று சொல்ல வைப்பேன் என்றாள். வகுப்பில் மக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் ஏற்றும் அதே குரல்.

மே 14, ஞாயிறு

இந்து, "சரி" என்றாள். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

டாக்டர் ஷம்ஷாத்துக்குப் போன் செய்தேன். நான் தயங்கித் தயங்கிச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டார். "அவங்க முடிவு பண்ணியிருக்காங்கன்னா அது தப்பு இல்லீங்க ஐயா. அடுத்த தடவை ஊசி கேட்குமான்னும் தெரியல. வலிக்கு மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க, முழுங்க முடியலேன்னா கூப்பிடுங்க, நர்ஸை வீட்டுக்கே அனுப்பறேன். வாயை ஈரமா வச்சுக்குங்க" என்றார்.

"தூங்கிட்டே போயிருவாளுங்களா?"

"பெரும்பாலும் அப்படித்தான்."

நன்றி என்று சொல்லத் தெரியாமல், "சரிங்க, வச்சர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

மே 20, சனி

நல்ல நாள். ரவா உப்புமா கேட்டு நாலு வாய் சாப்பிட்டாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். நான் உப்புப் போட்டது பத்தவில்லை என்று மூன்று தடவை சொன்னாள்.

மே 23, செவ்வாய்

காலையில் இரண்டு சொம்பு தண்ணீர். இது வெயில் இல்லை. எழுதிவைக்கிறேன்: கால்சியம்.

மே 24, புதன்

பகலெல்லாம் தூங்கினாள். எழுந்தபோது, "பஸ் வந்துருச்சா?" என்றாள். இந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமே காருக்குச் சொல்லப் போனை எடுக்கவில்லை.

கடையைத் திறக்கவில்லை. மோட்டாரோடு வந்தவர்களை வேறு இடத்துக்கு அனுப்பினேன். ஒருவர் கோபித்துக்கொண்டார். இந்த வெயிலில் வாழை காய்ந்தால் யார் பொறுப்பு என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

மே 26, வெள்ளி

கருப்பண்ணன் மச்சான் வந்தார். வந்ததும் சத்தம் போட்டார். "போன தடவ ஊசி போட்டு எந்திரிச்சு ஒக்காந்தாளா இல்லியா? கண்ணு முன்னால ஆளைச் சாக உடறதா? நா வண்டி எடுத்தாறேன், நீங்க வராட்டிப் போங்க."

இந்துதான் பதில் சொன்னாள். "மாமா, அம்மாவே சொன்னாங்க. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

"சீக்காளி சொல்றத எல்லாம் கேக்கறதா?"

"அப்போ அவங்க சீக்காளி இல்லீங்க மாமா. தெளிவா இருந்தாங்க. எங்க எல்லாரையும் விடத் தெளிவா இருந்தாங்க."

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். போகவும் இல்லை. இங்கேயே தங்கிவிட்டார்.

மே 28, ஞாயிறு

நர்ஸ் வந்து, வலிக்குத் தோலுக்கு அடியில் மருந்து இறங்குவது போல ஊசி செருகிவைத்துப் போனார். முகத்தில் வலி தெரியவில்லை. நெற்றிச் சுருக்கம் கூட விரிந்திருக்கிறது. சின்ன வயசாகத் தெரிகிறாள்.

காப்பிக்குப் பிறகு, பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, எப்ப வந்தீங்க?" என்றாள்.

மச்சான் கதவருகேதான் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நகரவில்லை.

"இப்பத்தான் வந்தேன் அம்மிணி" என்றேன்.

"அவரு எங்க?"

"கடையில இருக்காரு."

"மோட்டாரைப் பிரிச்சுட்டு ஒக்காந்திருப்பாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவரு ஒண்ணுந் தெரியாதவருங்கண்ணா. சோறு போட்டுத் திங்கத் தெரியாது. மனசுல இருக்கறத வாயில சொல்லத் தெரியாது. தனியா உட்டுப்போடாதீங்க."

"உடமாட்டேன்."

"சத்தம் போடுவாரு. கண்டுக்காதீங்க. பயந்துட்டாருன்னா அப்படித்தான்."

"சரி அம்மிணி."

"நல்ல மனுசனுங்கண்ணா" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்தது தெரிந்தது. நான் பஞ்சைத் திரும்ப நனைத்தேன்.

முப்பத்திரண்டு வருஷத்தில் இதை என்னிடம் நேராகச் சொன்னதில்லை. நான் அவளிடம் என்ன சொல்லியிருக்கிறேன்? ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

மே 30, செவ்வாய்

பேச்சு நின்றுவிட்டது. மூச்சு மட்டும்.

ஜூன் 1, வியாழன்

இன்று காலை, வெயில் ஏறுவதற்குள் துளசிமணி இறந்துபோனாள். இந்துவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தோம். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே காத்திருந்தோம். அடுத்தது வரவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

நேற்று சடங்கு முடிந்தது. ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். டியூஷன் பிள்ளைகள் சிலர் வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவர்கள் வழக்கமாக உட்காரும் பாயிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். டாக்டர் ஷம்ஷாத் போன் செய்தார். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் இந்துவும் நானும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. இந்து என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"போன வாரம் கூட்டிட்டுப் போயிருந்தா, அம்மா இன்னொரு தடவ தெளிஞ்சு எந்திரிச்சிருப்பாங்களாப்பா? ரெண்டு நாளாச்சும் நம்மகிட்ட பேசியிருப்பாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊசி கேட்டிருக்காது என்று டாக்டரே சந்தேகப்பட்டதைச் சொல்லியிருக்கலாம். அவள் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"பேசியிருப்பா கண்ணு" என்றேன்.